யாரிடம் எதைச் சொல்கிறோம்: பியரிங், டிரான்சிட், கசியும் பாதைகள்

இரண்டு நெட்வொர்க்குகளுக்கு நடுவே ஃபைபர் போட்டு, இரு பக்கமும் போர்ட்டில் பச்சை விளக்கு எரிந்தாலும் ஒரு பாக்கெட்கூட நகராது. "இந்த முகவரிகள் என்னிடம் இருக்கின்றன, இவற்றுக்குப் போக வேண்டியதை என்னிடம் கொடு" என்று ஒரு பக்கம் பிஜிபி (நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று பாதைகளைச் சொல்லிக்கொள்ளும் நெறிமுறை) வழியாகச் சொல்ல வேண்டும். மறுபக்கம் அதைக் கேட்டு நம்ப வேண்டும். அறிவிப்பு எந்தத் திசையில் போகிறதோ, டிராஃபிக் அதற்கு நேர் எதிர்த் திசையில் வரும். இதை மறந்தால், பல வருடம் இந்த வேலை பார்த்தவர் எழுதும் ஃபில்டரும் (எந்த அறிவிப்பை விடலாம், எதைத் தடுக்கலாம் என்ற விதிகள்) தலைகீழாகிவிடும்.

இணைப்புகளுக்குப் பெயர்கள் எத்தனை இருந்தாலும் அடிப்படையில் இரண்டு வகைதான். காசு கொடுத்து உலகம் முழுவதற்கும் வழி வாங்கினால் அது டிரான்சிட். என் வாடிக்கையாளர்களும் உங்கள் வாடிக்கையாளர்களும் மட்டும் நேராகப் பேசிக்கொள்ளட்டும், யாரும் யாருக்கும் காசு தர வேண்டாம் என்று ஒப்புக்கொண்டால் அது பியரிங். கட்டணம் வாங்கும் பியரிங்கும் உண்டு, ஆனால் அங்கேயும் அறிவிப்பு விதி மாறுவதில்லை. 2011-இல் பாக்கெட் கிளியரிங் ஹவுஸ் என்ற அமைப்பு 1,42,210 பியரிங் உடன்பாடுகளைக் கணக்கெடுத்தபோது, எழுத்தில் ஒப்பந்தம் போட்டவை 0.49 சதவீதம் மட்டுமே. மீதி எல்லாம் வாய்ச்சொல்லை நம்பி நின்றவை. அதனால்தான் சொன்ன சொல் இங்கே இவ்வளவு முக்கியம்.

விதி இதுதான்: வாடிக்கையாளரிடம் கேட்ட பாதையை எல்லோரிடமும் சொல்லலாம். பியரிடமோ டிரான்சிட் தருபவரிடமோ கேட்ட பாதையை வாடிக்கையாளரிடம் மட்டுமே சொல்லலாம். காரணம் பணம். ஒரு பியரிடம் கேட்டதை இன்னொரு பியரிடம் சொன்னால், அவர்கள் இருவரின் டிராஃபிக்கும் நம் நெட்வொர்க்கைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். நமக்கு இருவருமே காசு தரவில்லை. டிரான்சிட் தருபவரிடம் சொன்னால் இன்னும் மோசம், ஊரார் டிராஃபிக்கைச் சுமக்க நாம் காசு கட்டுவோம்.

பாதையைத் தேர்ந்தெடுக்கும்போதும் அதே பணக் கணக்குதான். உள்ளே வரும் அறிவிப்புக்கு லோக்கல் பிரிஃபரன்ஸ் என்ற எண்ணை ஒட்டுகிறோம், பெரிய எண் ஜெயிக்கும். வாடிக்கையாளருக்கு 300, பியருக்கு 200, டிரான்சிட்டுக்கு 100 என்று வைத்துக்கொள்ளலாம். எண்கள் எதுவாகவும் இருக்கட்டும், வரிசை மாறக் கூடாது. பிஜிபி இந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் ஏஎஸ் பாதையின் நீளத்தைப் பார்க்கும். (ஒவ்வொரு நெட்வொர்க்கும் ஒரு ஏஎஸ், அதற்கு ஒரு எண் உண்டு. அறிவிப்பு கடந்துவந்த ஏஎஸ் எண்களின் வரிசைதான் ஏஎஸ் பாதை.) புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஒரு லிங்க்கில் வரும் டிராஃபிக்கைக் குறைக்க நம் ஏஎஸ் எண்ணை மூன்று, ஐந்து, பத்து தடவை என்று ஒட்டிக்கொண்டே போவார்கள், டிராஃபிக் அசையாது. அந்தப் பக்கத்து நிறுவனத்துக்கு நாம் காசு தரும் வாடிக்கையாளர். அவர்கள் நம் பாதைக்கு 300 கொடுத்த கணத்திலேயே முடிவு ஆகிவிட்டது, நீளத்தை அவர்களின் ரவுட்டர் எட்டிக்கூடப் பார்க்காது. அந்த நிறுவனம் வெளியிட்டிருக்கும் கம்யூனிட்டி (அறிவிப்போடு ஒட்டி அனுப்பும் குறி எண்) பட்டியலில் "லோக்கல் பிரிஃபரன்ஸைக் குறை" என்பதற்கான எண்ணைத் தேடி எடுத்து அறிவிப்போடு அனுப்புங்கள். அதுதான் வேலை செய்யும்.

இனி வருவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஃபில்டர் போட்டிருக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கிலும் கசிவு வருவது இப்படித்தான்.

நம் ஏஎஸ் எண் 64500. நம் வாடிக்கையாளர் 64505, அவரிடம் 203.0.113.0/24 என்ற முகவரித் தொகுதி இருக்கிறது (சாய்கோட்டுக்குப் பின் வரும் எண் பெரிதானால் தொகுதி சிறிது). அவருக்கு நம்மைத் தவிர 64510 என்ற நிறுவனத்தோடும் இணைப்பு உண்டு. அந்த 64510 நமக்குப் பியர். நமக்கு டிரான்சிட் தருவது 64496. டிரான்சிட் பக்கம் வெளியே போகும் ஃபில்டரில் நம் முகவரிகளையும் வாடிக்கையாளர்களின் முகவரிகளையும் பட்டியலிட்டு, "இவை மட்டும் போகலாம்" என்று எழுதியிருக்கிறோம். பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது.

ஒரு நாள் 64505-க்குப் போகும் ஃபைபர் அறுந்துவிடுகிறது. நேரடிப் பாதை மறைந்த உடனே, நம் ரவுட்டருக்கு அதே 203.0.113.0/24 பியர் வழியாகத் தெரிகிறது. பாதை 64510 64505. முகவரி பட்டியலில் இருக்கிறது, ஃபில்டர் அதை விட்டுவிடுகிறது. 64496-க்கு இப்போது போகும் அறிவிப்பு 64500 64510 64505. பியரிடம் கேட்டதை டிரான்சிட்டுக்குச் சொல்லிவிட்டோம். நாம் வாடிக்கையாளர் என்பதால் 64496 இந்தப் பாதைக்கே முதலிடம் கொடுக்கும். அங்கிருந்து அந்த /24-க்கு வரும் டிராஃபிக் எல்லாம் நம் டிரான்சிட் லிங்க்கில் இறங்கி, நம் பியரிங் போர்ட் வழியே வெளியேறும். உள்ளே வருவதற்கு நாம் காசு கட்டுகிறோம். வாடிக்கையாளரின் லிங்க்கோ அறுந்து கிடக்கிறது.

எங்கே தவறு? முகவரி யாருடையது என்று பார்த்தோம், பாதை யாரிடமிருந்து வந்தது என்று பார்க்கவில்லை. இதற்குத் தீர்வு கம்யூனிட்டி முத்திரை. அறிவிப்பு உள்ளே நுழையும் வாசலிலேயே முத்திரை குத்திவிடுங்கள்: வாடிக்கையாளரிடமிருந்து வந்தால் 64500:100, பியரிடமிருந்து வந்தால் 64500:200, டிரான்சிட்டிலிருந்து வந்தால் 64500:300. வெளியே போகும் ஃபில்டரில் "100 முத்திரை உள்ளதும் நம் சொந்தப் பாதைகளும் மட்டும்" என்று எழுதுங்கள். முகவரிப் பட்டியலும் கூடவே இருக்கட்டும், அது இரண்டாவது பூட்டு. இன்னொன்று: வெளியாள் அனுப்பும் அறிவிப்பில் 64500 என்று தொடங்கும் முத்திரை ஏற்கனவே இருந்தால் நுழைவிலேயே அதைத் துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் நம் முத்திரையைத் தாங்களே குத்திக்கொண்டு வரலாம்.

2022-இல் வந்த ஆர்எஃப்சி 9234 (ஆர்எஃப்சி என்பது இணையத் தரநிலை ஆவணம்) இதைப் பிஜிபிக்குள்ளேயே கொண்டுவந்தது. செஷன் (இரு ரவுட்டர்களுக்கு நடுவிலான பிஜிபி தொடர்பு) தொடங்கும்போதே "நான் வாடிக்கையாளர்", "நான் பியர்" என்று இரு பக்கமும் பங்கைச் சொல்ல வேண்டும், பங்கு பொருந்தவில்லையென்றால் செஷன் எழாது. பாதையிலும் ஓடிசி என்ற குறி ஏறும், கீழே, அதாவது வாடிக்கையாளர் பக்கம், மட்டுமே போகலாம் என்று அதற்குப் பொருள். உங்கள் ரவுட்டர் மென்பொருளில் இந்த வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். அதற்கு முன்பே 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8212, ஃபில்டர் எழுதாத செஷனில் எதையும் ஏற்கவும் கூடாது, அனுப்பவும் கூடாது என்றது. முதல் நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

டிரான்சிட் பில் எப்படி வருகிறது என்பதையும் ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. 5 நிமிடத்துக்கு ஒருமுறை போர்ட்டின் சராசரி வேகம் பதிவாகும். 30 நாள் மாதத்தில் 8,640 பதிவுகள். பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, மேலே உள்ள 5 சதவீதத்தை, அதாவது 432 பதிவுகளை, தள்ளிவிடுவார்கள். 433-ஆவது பதிவுதான் பில்லுக்கான வேகம். உள்ளே வருவது, வெளியே போவது இரண்டையும் தனித்தனியாகப் போட்டு, எது பெரிதோ அதை எடுப்பதே வழக்கம். 432 பதிவுகள் என்றால் 36 மணி நேரம். மாதத்தில் ஒன்றரை நாள் எவ்வளவு தள்ளினாலும் பில்லில் தெரியாது. ஆனால் தினமும் மாலையில் 2 மணி நேரம் உச்சம் என்றால் மாதத்துக்கு 60 மணி நேரம் ஆகிறது. அந்த உச்சம்தான் முழு மாதத்துக்கும் கணக்கு. பியரிங்கால் மிச்சமாகும் பணத்தைக் கணக்கிடும்போதும் இதை நினைவில் வையுங்கள். நடுநிசி டிராஃபிக்கை பியருக்கு மாற்றினால் ஒரு காசும் குறையாது. உச்ச நேரத்தில் போகும் டிராஃபிக் எந்த ஏஎஸ்ஸுக்கு அதிகம் என்று ஃப்ளோ பதிவுகளில் (எங்கிருந்து எங்கே எவ்வளவு போகிறது என்ற ரவுட்டர் பதிவுகள்) பார்த்து, அவர்களிடம்தான் முதலில் பேச வேண்டும்.

இனி கம்பி. ஒரே கட்டடத்தில் இருக்கும் இரண்டு நிறுவனங்கள் நேராக ஃபைபர் இழுத்தால் அது தனி இணைப்பு. பலர் ஒரு பெரிய ஸ்விட்ச்சில் கூடினால் எக்ஸ்சேஞ்ச். பிராங்க்பர்ட்டின் டிஇ-சிஐஎக்ஸ், ஆம்ஸ்டர்டாமின் ஏஎம்எஸ்-ஐஎக்ஸ், 1994-இல் லண்டனில் தொடங்கிய லிங்க்ஸ் எல்லாம் அடிப்படையில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: பெரிய ஈதர்நெட் ஸ்விட்ச் ஒன்றை எல்லோருக்கும் பொதுவாக வைத்து நடத்துகின்றன.

டேட்டா சென்டரில் கிராஸ் கனெக்ட் (இரு நிறுவனங்களை நேராக இணைக்கும் கம்பி) கேட்கும்போது, எதிர்ப்பக்கத்தார் தரும் அனுமதிக் கடிதம் வேண்டும். அதில் பேனல் எண், போர்ட் எண், ஒற்றை இழையா இரட்டையா, கனெக்டர் வகை எல்லாம் இருக்கும். லிங்க் எழவில்லையென்றால் முதல் சந்தேகம் இழைகள் மாறியிருப்பதுதான். நம் அனுப்பும் இழை அவர்களின் அனுப்பும் இழையோடு போய்ச் சேர்ந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் இரண்டையும் மாற்றிச் செருகிப் பாருங்கள். இரு பக்கத்தாரும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால் பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள், இப்படி வீணான இரவுகள் இந்தத் தொழிலில் ஏராளம். அடுத்து ஒளியின் அளவு. 10 ஜிகாபிட் எல்ஆர் ஆப்டிக் (ஃபைபரில் ஒளியை அனுப்பி ஏற்கும் கருவி) அனுப்புவது −8.2 முதல் +0.5 டிபிஎம் (ஒளி வலிமையின் அலகு) வரை, ஏற்பது −14.4 வரை. ஒரே கட்டடத்துக்குள் வரும் ஒளி −12, −13 என்று காட்டினால் லிங்க் ஓடும், ஆனால் கனெக்டரில் அழுக்கு இருக்கிறது. துடைப்பானை எடுத்து இரு முனையையும் துடைத்துவிட்டு மறுபடி அளவு பாருங்கள். 100 ஜிகாபிட் எல்ஆர்4 ஆப்டிக்கில் நான்கு ஒளி அலைகள் போகின்றன. மொத்த அளவு நன்றாகத் தெரிந்தாலும் ஒரே ஒரு அலை மங்கினால் லிங்க் விழுந்துவிடும், ஆகவே நான்கையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

எக்ஸ்சேஞ்ச் போர்ட்டில் சில விஷயங்களை அணைக்க வேண்டும்: ஸ்பானிங் ட்ரீ, எல்எல்டிபி போன்ற அறிமுக நெறிமுறைகள், ஐபிவி6 ரவுட்டர் அறிவிப்பு, ப்ராக்ஸி ஏஆர்பி. ஐபிவி4, ஏஆர்பி, ஐபிவி6 தவிர வேறெதுவும் அந்த லேனில் போகக் கூடாது. ஒரு போர்ட்டுக்கு ஒரே மேக் முகவரி. இவற்றில் ப்ராக்ஸி ஏஆர்பி ஏன் அபாயம் என்று சொல்கிறேன். (ஒரு ஐபி முகவரி எந்த மேக் முகவரியில் இருக்கிறது என்று லேனில் கேட்பது ஏஆர்பி. பிறர் முகவரிக்காகத் தானே பதில் சொல்வது ப்ராக்ஸி ஏஆர்பி.) எக்ஸ்சேஞ்ச் வளர்ந்து லேன் /23-இலிருந்து /22-க்கு மாறுகிறது. ஒரு உறுப்பினர் தன் ரவுட்டரில் பழைய மாஸ்க்கையே, அதாவது /23 அளவையே, வைத்திருக்கிறார். புதிய பாதியில் உள்ள முகவரிகள் அவர் ரவுட்டருக்கு வெளியூர் முகவரிகள். டிஃபால்ட் ரவுட்டும் (தனி வழி தெரியாத எல்லாவற்றுக்குமான பொது வழி) இருக்கிறது என்றால், அந்த முகவரிகளை யாராவது ஏஆர்பியில் கேட்கும்போது "எனக்கு வழி தெரியும், என்னிடம் கொடு" என்று அவர் ரவுட்டர் பதில் சொல்லிவிடும். உண்மையான சொந்தக்காரரின் பதிலை முந்திக்கொண்டால், மற்றவர்களின் பிஜிபி செஷன்கள் ஒவ்வொன்றாக விழும். தவறு செய்தவருக்கோ தன் பக்கம் பெரிதாக ஒன்றும் தெரியாது.

நூற்றுக்கணக்கான உறுப்பினர்களோடு தனித்தனியாக செஷன் போட முடியாது என்பதால் ரவுட் சர்வர் வைக்கிறார்கள். (டிஎன்எஸ்ஸின் ரூட் சர்வரோடு இதற்கு உறவில்லை. தமிழில் இரண்டும் ஒன்றுபோல ஒலிப்பதால் சொல்லிவைக்கிறேன்.) எல்லோரும் அதனிடம் அறிவிப்பார்கள், அது எல்லோருக்கும் மறு அறிவிப்பு செய்யும், பாக்கெட் மட்டும் அதன் வழியே போகாமல் நேராக உரியவரிடம் போகும். அதற்காகத்தான் அது தன் ஏஎஸ் எண்ணைப் பாதையில் சேர்ப்பதில்லை. பல ரவுட்டர்கள் "பாதையின் முதல் எண், செஷன் வைத்திருப்பவரின் எண்ணாக இருக்க வேண்டும்" என்று சோதிக்கும். ரவுட் சர்வர் செஷனில் அந்தச் சோதனையை அணைக்காவிட்டால் வரும் அறிவிப்புகள் எல்லாம் தள்ளப்படும். செஷன் எழுந்திருக்கிறது, பாதைகள் பூஜ்யம் என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

பியரிங் ரவுட்டரில் முழு உலகப் பட்டியலும் வேண்டாம், டிஃபால்ட் ரவுட்டும் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். எதிர்ப்பக்கத்தவர் தன் டிஃபால்ட் ரவுட்டை நம் முகவரிக்குத் திருப்பிவிட்டால், நாம் அறிவிக்காத இடங்களுக்கும் பாக்கெட் வரும். நம் ரவுட்டருக்கு வழி தெரியும் என்பதால் அதை நம் டிரான்சிட்டில் ஏற்றி அனுப்பிவிடும். அறிவிப்பு ஃபில்டர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதைத் தடுக்காது. பியரிங் ரவுட்டரில் நம்முடைய பாதைகளும் வாடிக்கையாளர்களின் பாதைகளும் மட்டும் இருந்தால், அப்படி வரும் பாக்கெட் அங்கேயே விழுந்துவிடும்.

கசிவும் திருட்டும் பெரிய அளவில் நடந்தவை பல. 1997 ஏப்ரல் 25 அன்று ஏஎஸ் 7007, உலகப் பட்டியலை /24 துண்டுகளாக உடைத்துத் தன்னுடையது என்று அறிவித்தது. 2019 ஜூன் 24 அன்று ஒரு சிறிய நிறுவனம் உள் உபயோகத்துக்காக உருவாக்கிய துண்டுப் பாதைகள், அதன் வாடிக்கையாளர் வழியாக வெரைசானுக்குக் கசிந்து, கிளவுட்ஃபிளேர் உட்படப் பலரின் டிராஃபிக்கை அந்தச் சிறிய குழாய்க்குள் இழுத்தன. அன்று அந்த செஷனில் அதிகபட்சப் பாதை எண்ணிக்கை என்ற ஒரே ஒரு வரி இருந்திருந்தால் போதும், செஷன் தானாக மூடியிருக்கும்.

2008 பிப்ரவரி 24-இல் நடந்ததைப் பாருங்கள். யூடியூப் 208.65.152.0/22 என்று அறிவித்துக்கொண்டிருந்தது. நாட்டுக்குள் யூடியூப்பைத் தடுக்க பாகிஸ்தான் டெலிகாம் போட்ட 208.65.153.0/24 வெளியே போய்விட்டது, அதற்கு டிரான்சிட் தந்த பிசிசிடபிள்யூ நிறுவனம் அதை ஃபில்டர் செய்யாமல் உலகுக்குச் சொன்னது. /22-ஐவிட /24 குறிப்பானது, எங்கும் அதுவே ஜெயிக்கும். ஏறக்குறைய 80 நிமிடம் கழித்து யூடியூப் தானும் அதே /24-ஐ அறிவித்தது. இப்போது இரண்டும் சமம், ஏஎஸ் பாதை எங்கே குறுகலோ அங்கே அது ஜெயித்தது, ஆக பாதி உலகம்தான் திரும்பியது. பிறகு இரண்டு /25 துண்டுகளையும் அறிவித்தார்கள். ஆனால் /24-ஐவிடச் சிறிய துண்டைப் பலர் ஏற்பதில்லை. கடைசியில் பிசிசிடபிள்யூ அந்த அறிவிப்பை நிறுத்திய பிறகுதான் பிரச்சினை தீர்ந்தது. தவறான அறிவிப்பை அதன் வாசலில் நிற்பவரால் மட்டுமே முழுதாக அடைக்க முடிகிறது.

இன்று அந்த வாசலில் ஆர்பிகேஐ (முகவரி யாருடையது என்பதைக் கையெழுத்தால் சரிபார்க்கும் அமைப்பு) இருக்கிறது. முகவரிக்கு உரியவர் ரோவா என்ற கையெழுத்திட்ட பதிவை வைக்கிறார்: இந்த முகவரியை இந்த ஏஎஸ் மட்டுமே தொடங்கி அறிவிக்கலாம், அதிகபட்சம் இந்த நீளம் வரை துண்டாக்கலாம் என்று. ரவுட்டர் ஒவ்வொரு அறிவிப்பையும் செல்லும், செல்லாது, பதிவில்லை என்று மூன்றாகப் பிரிக்கும். செல்லாதவற்றைத் தள்ளுங்கள். பதிவில்லாதவற்றைத் தள்ளாதீர்கள், தள்ளினால் உலகத்தில் ஒரு பெரும் பகுதி உங்களுக்குத் தெரியாமல் போகும். அதிகபட்ச நீளத்தில் கவனம் வேண்டும். நீங்கள் அறிவிப்பது 198.51.100.0/22 மட்டும், ஆனால் "எதற்கும் இருக்கட்டும்" என்று நீளம் 24 எனப் போட்டுவிட்டால், திருடன் உங்கள் ஏஎஸ் எண்ணைப் பாதையின் கடைசியில் ஒட்டி ஒரு /24-ஐ அறிவிக்கலாம், சோதனையில் அது செல்லும் என்றே வரும். நீளத்தை 22-லேயே நிறுத்திவிட்டு, தாக்குதல் நேரத்தில் அவசரமாக /24 அறிவித்தால் உங்கள் பாதையே செல்லாததாகிவிடும், புதிய ரோவா ஊரெங்கும் பரவ நேரம் பிடிக்கும். எந்தத் துண்டுகளை அறிவிக்கப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்து, அவற்றுக்கு மட்டும் தனித்தனி ரோவா வைப்பதே நல்லது. ரோவா, பாதை தொடங்கும் ஏஎஸ்ஸை மட்டும்தான் சோதிக்கும். மேலே சொன்ன 64510 64505 கசிவை அது பிடிக்காது.

போர்ட் நிரம்பும் கதை வேறு. பகலெல்லாம் நன்றாக இருந்துவிட்டு மாலையில் மட்டும் தாமதமும் இழப்பும் கூடினால், எங்கோ ஒரு இணைப்பு நிரம்பியிருக்கிறது. டிரேஸ்ரவுட்டில் (வழியில் உள்ள ரவுட்டர்களைப் படிப்படியாகக் காட்டும் கருவி) அந்த இடம் தெரிந்துவிடும் என்று நம்பிவிட வேண்டாம். ஒவ்வொரு நிறுவனமும் பாக்கெட்டைத் தனக்கு மிக அருகில் உள்ள சந்திப்பிலேயே அடுத்தவரிடம் தள்ளிவிடும், ஆகவே போகும் வழி ஒன்று, திரும்பும் வழி வேறு. ஏழாவது படியில் தாமதம் குதித்தால், குற்றம் அந்த ஏழாவது ரவுட்டரிலிருந்து திரும்பும் வழியிலும் இருக்கலாம். இரு முனையிலிருந்தும் எடுத்த டிரேஸ்ரவுட் இல்லாமல் யாரையும் குறை சொல்லாதீர்கள். தூரக் கணக்கும் உதவும்: ஃபைபரில் 100 கிலோமீட்டருக்குப் போய்வர 1 மில்லிசெகண்ட். அடுத்த தெருவில் இருக்கும் நெட்வொர்க்குக்கு 80 மில்லிசெகண்ட் ஆகிறது என்றால், நெரிசல் இல்லாத நேரத்திலும் அதே 80 வந்தால், பாக்கெட் சில ஆயிரம் கிலோமீட்டர் சுற்றிவிட்டு வருகிறது.

சில சமயம் பியரிங் பற்றிய பேச்சு முறிந்து இணைப்பையே துண்டித்துவிடுவதும் உண்டு. 2005 அக்டோபரில் லெவல் 3, கோஜெண்ட்டுடனான பியரிங்கை நிறுத்தியபோது, இவர்களில் ஒருவரை மட்டும் நம்பியிருந்த வாடிக்கையாளர்கள் அடுத்தவரின் வாடிக்கையாளர்களை அடைய முடியாமல் போனார்கள். இருவருமே வேறு யாரிடமும் அந்தப் பாதைக்கு டிரான்சிட் வாங்கவில்லை என்பதுதான் காரணம். இரண்டு டிரான்சிட் வைத்திருப்பவர்களை அது தொடவில்லை.

பராமரிப்புக்காக லிங்க்கை இறக்கும்போதும் முறை இருக்கிறது. எக்ஸ்சேஞ்ச்சில் எதிர்ப்பக்கத்தாரின் போர்ட் விழுந்தாலும் உங்கள் போர்ட் ஸ்விட்ச்சோடு எழுந்தே இருக்கும், ரவுட்டருக்கு எதுவும் தெரியாது. ஹோல்ட் டைமர் (எதிர்ப்பக்கத்திலிருந்து செய்தி வராமல் செஷன் காத்திருக்கும் நேரம்) தீரும்வரை, ரவுட்டரைப் பொறுத்து 90 அல்லது 180 நொடி, டிராஃபிக் கிணற்றில் விழும். எனவே கம்பியைத் தொடுவதற்கு முன், அறிவிப்புகளோடு 65535:0 என்ற கம்யூனிட்டியை அனுப்புங்கள். அதை மதிக்கும் எதிர்ப்பக்கம் லோக்கல் பிரிஃபரன்ஸைப் பூஜ்யமாக்கி வேறு வழிக்கு மாறிக்கொள்ளும். உங்கள் பக்கமும் அந்த செஷனில் வரும் பாதைகளைப் பூஜ்யமாக்குங்கள். சில நிமிடம் காத்திருந்து, போர்ட்டில் டிராஃபிக் இரு திசையிலும் வற்றிய பிறகு செஷனை மூடி, அப்புறம் கம்பியைக் கழற்றுங்கள். திரும்பப் போடும்போது ஒளியின் அளவை முன்பு குறித்துவைத்ததோடு ஒப்பிட்டுவிட்டு செஷனை எழுப்புங்கள். எழுந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, நாம் அனுப்பும் பாதைகளின் எண்ணிக்கை. நேற்று 84 இருந்த இடத்தில் இன்று பல லட்சம் காட்டினால், வேறெதையும் யோசிக்காமல் செஷனை உடனே மூடிவிட்டு வெளியே போகும் ஃபில்டரைத் திறந்து பாருங்கள்.